குழை காவுற எறும்புகள்

லண்டனில் இருக்கிற மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினா. பிள்ளைகளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் எடுத்தது. ஒரு கயிறு. அதன் மேலே செம்மண் நிற எறும்புகள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொன்றும் தன்னைவிடப் பெரிய பச்சை இலைத் துண்டு ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. தூரத்தில் பார்த்தால் இலைகள்தான் தாமாக நடந்து போவதுபோல இருக்கும்.

தம்பி அதைப் பத்துத் தரமாவது பார்த்திருப்பான். அவனுக்கு 13 வயது.

"அக்கா, இதை எங்கட வீட்டிலயும் வளப்பமே?"

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தா. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உதுகள் குழையெல்லோ காவுதுகள்," என்றா.

பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். உரப் பைகள் வருவதற்கு முந்திய காலத்தில் எங்கட தோட்டங்களுக்குக் குழைதான் பசளை. வேலியில் நிற்கிற பூவரசு, கிளுவைக் கொப்புகளை வெட்டிக் கட்டாகக் கட்டுவார்கள். தலையில் சுமந்து தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். நீளமாகக் கிடங்கு வெட்டி, குழையை உள்ளே போட்டு மண்ணால் மூடுவார்கள். பனையின் காவோலையையும் இப்படித்தான் தாழ்ப்பார்கள். மண்ணுக்குக் கீழே அது உக்கும். அதுக்கு மேலே புகையிலையும் மிளகாயும் எழும்பும். சுண்ணக்கல்லுக்கு மேலே மெல்லிசாய் மண் படிந்த ஊரில் வேறு என்ன வழி?

அம்மம்மா எறும்பைப் பற்றி ஒரு வரியும் படித்ததில்லை. ஆனால் சொன்னது அச்சொட்டாகச் சரி. அன்றிரவு வாசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

இலைவெட்டி எறும்புகள் வெட்டுகிற இலை அவற்றின் சாப்பாடு அல்ல. கூட்டுக்குள் கொண்டுபோய், இன்னும் சின்னத் துண்டுகளாக நறுக்கி, மென்று கூழாக்கி அடுக்குகின்றன. அதில் ஒரு பங்கசு வளர்கிறது. அந்தப் பங்கசைத்தான் குடம்பிகளுக்கு ஊட்டுகின்றன. அதாவது இலை பசளை, பங்கசு பயிர், எறும்பு தோட்டக்காரன். அட்டா என்ற பேரினத்தில் நன்றாக வளர்ந்த ஒரு கூட்டில் பல இலட்சம் வேலைக்கார எறும்புகள் இருக்கும். ஒரே அளவில் அல்ல. பெரியவை இலையை வெட்டும், மிகச் சின்னவை தோட்டத்துக்குள்ளேயே நின்று வேலை செய்யும். மனிதர் பயிர் செய்யத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டாயிரம் வருசம்தான். எறும்புகள் ஐந்து கோடி வருசங்களாகச் செய்கின்றன.

எனக்குப் பிடித்துப்போனது இளம் ராணியின் கதை. சோடி சேர்வதற்காகத் தாய்க் கூட்டைவிட்டுப் பறக்கிற நாளில், அவள் அந்தப் பங்கசில் ஒரு சின்னக் கிள்ளலை வாய்க்குள் இருக்கிற பையொன்றில் வைத்துக்கொண்டுதான் வெளிக்கிடுகிறாள். புதிய இடத்தில் தனியே குழி தோண்டி இறங்கியதும், முதலில் அதைத் துப்பி, தன் எச்சத்தைப் பசளையாகப் போட்டு வளர்க்கிறாள். அது பட்டுப்போனால் அவளும் அவ்வளவுதான்.

இதை வாசித்துக் காட்டியபோது அம்மம்மா சிரித்தா. 1991இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது அவ கரம்பொன்னிலிருந்து வள்ளமேறினவ. நகையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, கத்தரி விதையையும் பயித்தங்காய் விதையையும் தன் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாவாம். "சனம் என்னைப் பாத்துச் சிரிச்சது. ஆனா இருந்த இடமெல்லாம் எனக்கு ஒரு கத்தரி நிண்டது பிள்ளை."

தம்பி தன் கேள்வியை விடவில்லை. அந்த எறும்பை எங்கே வாங்கலாம்?

வாங்க முடியாது. இலைவெட்டி எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இயற்கையில் இருக்கின்றன, ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து ஆர்ஜென்டினா வரை. அங்கேயே அவை தோட்டக்காரருக்குப் பெரிய தலையிடி. ஒரு தோடை மரத்தை ஒரே இரவில் மொட்டையாக்கிவிடும். அப்படியான ஒன்று பண்ணைப் பாலம் தாண்டி இங்கே வந்து, வெக்கையும் இலையும் பிடித்துப்போய், கூட்டைவிட்டு வெளியே தப்பினால்? பயிருக்குத் தீங்கான உயிர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கத்தான் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் கொண்டுவரமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் எறும்பு வளர்ப்பு இப்போது நல்ல காசு புழங்குகிற பொழுதுபோக்கு. 2025 ஏப்ரலில் கென்யாவில் பெல்ஜியத்துப் பொடியன்கள் இரண்டு பேர் ஏறத்தாழ 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். பஞ்சு அடைத்த 2,000க்கும் மேற்பட்ட குழாய்களில் அவற்றை வைத்திருந்தார்கள். நீதிமன்றம் பத்து இலட்சம் கென்ய ஷில்லிங் தண்டம், கட்டாவிட்டால் 12 மாதம் சிறை என்று தீர்த்தது. அவர்களுக்கு என்னைவிட வயது குறைவு. யானைத் தந்தம் கடத்தினால்தான் கடத்தல் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் செய்தி ஒரு தட்டுத் தட்டியது. ஒரு ராணியைத் தூக்கினால் ஒரு எறும்பை அல்ல, பிறக்கப்போகிற ஒரு முழு ஊரையே தூக்குகிறோம்.

"அப்ப எங்கட எறும்பைப் பிடிப்பம்," என்றான் தம்பி. முற்றத்து எறும்பை முற்றத்திலேயே வைத்திருப்பதில் குற்றமில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

மழை தொடங்கிய கிழமை, கிணற்றடியில் ஒரு கட்டெறும்பு ராணியைக் கண்டோம். செட்டை கழன்று, தனியாக, பதகளித்துக்கொண்டு ஓடித் திரிந்தாள். சாதாரணக் கட்டெறும்பைவிட நல்ல பெரிசு, நடுவுடம்பு தடித்தது. வளர்க்கும் முறை சுலபம். ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய். அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதைப் பஞ்சால் இறுக்கி அடைக்க வேண்டும், ஈரம் கசியும், தண்ணீர் வராது. மிஞ்சிய இடத்தில் ராணி. வாயிலும் பஞ்சு. பிறகு குழாயை இருட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். சாப்பாடு போடத் தேவையில்லை. இனி அவளுக்குப் பறக்கிற தசைகள் தேவையில்லை. அவற்றையும் உடம்பில் சேர்ந்திருக்கிற கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் பிள்ளைகளை வளர்ப்பாள்.

குழாயை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்தோம். பெட்டியை ஒரு தாம்பாளத் தண்ணீருக்கு நடுவே செங்கல் வைத்து ஏற்றினோம். சீனிப் போத்தலுக்கு எறும்பு ஏறாமல் அம்மா செய்கிற வேலையை நாங்கள் எறும்பு இறங்காமல் இருக்கச் செய்தோம். அம்மாவுக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் நாள் முட்டைகள் இருந்தன, ஒன்றோடொன்று ஒட்டிய ரவை போல. அன்று தொடங்கியதுதான் வினை. தம்பி பள்ளிக்கூடம் போக முன்னம் பார்ப்பான், வந்து பார்ப்பான். நான் இரவில் ஃபோன் வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன், படம் எடுப்பேன், மச்சாளுக்கு அனுப்புவேன். மூன்றாம் கிழமை ஒருநாள் பார்த்தபோது முட்டைகள் இல்லை. தேடினோம். குழாயை நிமிர்த்தி, சரித்து, உருட்டி. பிறகுதான் வாசித்தேன்: அடிக்கடி அசைத்தால், வெளிச்சம் பட்டால், இந்த இடம் பாதுகாப்பில்லை என்று நினைத்து ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுமாம்.

திரும்ப முட்டை இட்டாள். நாங்கள் திரும்பவும் பார்த்தோம். தை பிறக்கும்போது அவள் செத்துப்போனாள். தம்பி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, தானும் பார்த்ததை மறந்துவிட்டு.

இனி எங்கட பழைய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரம்பொன்னில் எங்களுக்கு ஒரு கல்வீடு இருக்கிறது. அம்மம்மாவின் சீதன வீடு. 1991இல் விட்டுப் போனவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அங்கிருந்தும் எழும்பினார்கள். தீவுக்குத் திரும்பி வந்தது 2011இல். வந்தபோது கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, சுவர் மட்டும் நின்றது. வளவு முழுக்க எருக்கலையும் நாகதாளியும். நடு அறையில், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கறையான் புற்று.

நாங்கள் பக்கத்திலேயே பெரியம்மாவின் காணியில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டோம். அம்மம்மா மட்டும் அன்று தொடக்கம் ஒவ்வொரு விடியலும் அந்தப் பழைய வளவுக்குப் போய் முற்றம் கூட்டுவா. கூரையில்லாத வீட்டுக்கு எதற்கு முற்றம் கூட்டுவான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நடு அறைக்குள் மட்டும் போகமாட்டா. புற்று நாகதம்பிரானுக்கு உரியது, கை வைக்கக்கூடாது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்கட வீட்டில் நடந்தது அதன் மறுபக்கம். யார் யாரோ குடியிருந்து போன பிறகு கறையான் வந்து புற்றெடுத்தது.

அந்த அறையில்தான் அம்மப்பாவின் றங்குப்பெட்டி இருந்ததாம். காணி உறுதிகள், கலியாணப் படம், அவர் கட்டி வைத்திருந்த பழைய பஞ்சாங்கங்கள், அம்மாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள். திரும்பி வந்தபோது கிடைத்தது துருப்பிடித்த தகரமும் அதற்குள் மண்ணும்தான். அந்தக் காணி எங்களுடையது என்று காட்ட அம்மா ஏறி இறங்கிய படிகளை எண்ணினால் இன்னொரு கட்டுரை எழுதலாம்.

இந்த வருசம் மாசியில் கடன் சரிவந்தது. பழைய சுவரில் நல்லதை வைத்துக்கொண்டு வீட்டை எழுப்புவதாக முடிவு. மேசன் வந்து பார்த்தார். "ஆச்சி, புத்தை வைச்சுக்கொண்டு அத்திவாரம் போடேலாது. உடைச்சு, கிண்டி எடுத்து, கறையான் மருந்து அடிச்சாத்தான் உங்கட புதுக் கதவு நிக்கும்."

அம்மம்மா அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் விடிய முற்றம் கூட்டிவிட்டு, முதல்தரமாக அந்த அறைக்குள் போய், புற்றடியில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தா. "இனி உடையுங்கோ தம்பி."

அலவாங்கு நாலைந்து குத்து விழுந்ததும் புற்றின் ஒரு பக்கம் பிளந்தது. உள்ளே பாம்பில்லை. அறை அறையாக, ஒவ்வொரு அறைக்குள்ளும் சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி, முருகைக்கல் மாதிரி மடிப்பும் ஓட்டையுமாக. தொட்டால் மெத்தென்று ஈரமாக இருந்தது. அதன் மேலே குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளைப் புள்ளிகள். கறையான்கள் திகைத்துப்போய் ஓடித் திரிந்தன.

"அக்கா! தோட்டம்!" என்று கத்தினான் தம்பி.

அவன் சொன்னது சரி. கறையான் எறும்பல்ல, கரப்பானுக்குத்தான் அது சொந்தம். ஆனால் இங்கே புற்றுக் கட்டுகிற ஒடொண்டோடெர்மிஸ் வகைக் கறையான்களும் பயிர் செய்கின்றன. காய்ந்த ஓலை, கிடுகு, மரம், கடதாசி எல்லாவற்றையும் தின்று, அரைகுறையாகச் செரித்த எச்சத்தை அடுக்கி இந்தக் கட்டியைக் கட்டுகின்றன. அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பங்கசு வளர்ந்து, மரத்தைச் செரிக்கத்தக்கதாக மாற்றிக் கொடுக்கிறது. மழைக்குப் பிறகு புற்றடியில் முளைக்கிற, சனம் பிடுங்கிக் கறி வைக்கிற காளான், அந்தத் தோட்டத்தின் பூதான். எறும்புகள் அமெரிக்கப் பக்கத்தில் கண்டுபிடித்ததை, கறையான்கள் சுமார் மூன்று கோடி வருசத்துக்கு முன்னம் ஆபிரிக்காவில் தனியாகக் கண்டுபிடித்தன. லண்டனில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து ஆசைப்பட்ட தோட்டம், இங்கே எங்கட நடு அறையில் இவ்வளவு காலமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

எதை வைத்து நடந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கட கதவு நிலை. றங்குப்பெட்டிக்குள் இருந்த உறுதி. கலியாணப் படம். இன்றைக்கு நான் கையில் பிடித்திருக்கிற கட்டியில் அவை இருக்காது, பழைய அடையைக் கறையான் தின்று புதிதாக அடுக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் தொடக்கத்தில் போட்ட குழை எங்களுடையது. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு, "அப்ப என்ர ஓ.எல். சான்றிதழும் உதுக்குள்ள ஒரு போகம் விளைஞ்சிருக்கும்," என்றா.

மேசன்மார் மத்தியானத்துக்குள் புற்றைக் கிண்டி முடித்துவிட்டார்கள். ராசாவும் ராணியும் இருந்த அறையை நாங்கள் காணவில்லை, மண்ணோடு போயிருக்கும். பின்னேரம் மருந்து அடித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் என்ன இருந்தது? 34 வருசமாக வீடில்லாமல் இருந்த மனுசி அருகில் நிற்கிறா.

தம்பி மட்டும் ஒரு அடையை எடுத்து, ஈரமண்ணோடு ஒரு போத்தலில் வைத்தான். கறையான்களைத் தட்டிவிட்டான். பங்கசை மட்டும் வளர்க்கலாம் என்று அவனுக்கு நினைப்பு. இந்தமுறை குழாய் மாதிரி இல்லை, பார்த்தால் ஓடுகிற ராணி இல்லை, எவ்வளவும் பார்க்கலாம்.

நாலைந்து நாளில் வெள்ளைப் புள்ளிகள் வாடின. பிறகு அடையிலிருந்து மெல்லிய ஈர்க்குகள் போல ஏதோ எழும்பத் தொடங்கியது. முதலில் வெள்ளை, பிறகு அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு கிழமையில் போத்தல் முழுக்க அதுதான். பயிர் முளைக்கிறது என்று அவனுக்குப் புளுகம். நான் தேடிப் பார்த்தேன். அது பயிரல்ல, களை. சைலேரியா என்ற வேறொரு பங்கசு. அது வெளியிலிருந்து வரத் தேவையில்லை, அடைக்குள் முதலே இருக்கும். கறையான் இருக்கும்வரை அதற்குத் தலைகாட்ட முடியாது. கறையான் போன சில நாளில் தோட்டம் அதனுடையது. இலைவெட்டி எறும்புகளுக்கும் இதே பாடுதான். அவற்றின் தோட்டத்தில் எஸ்கோவொப்சிஸ் என்றொரு களைப் பங்கசு. வேலைக்காரர்கள் ஓயாமல் அதைத் தேடிப் பிடுங்கிக் குப்பையில் எறிகின்றன. சில இனங்கள் அதற்கு எதிரான மருந்தைச் சுரக்கிற பற்றீரியாவைத் தங்கள் உடம்பிலேயே வளர்க்கின்றன. கோடி வருசப் பயிர்ச்செய்கை என்று நான் வியந்தது, உண்மையில் கோடி வருசக் களை பிடுங்கல்.

தம்பி போத்தலைக் கொண்டுபோய் அம்மம்மாவிடம் காட்டினான். அவ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"நாங்கள் திரும்பி வரேக்க வளவு இப்பிடித்தான் கிடந்தது," என்றா.

நான் அந்த ராணியை நினைத்தேன். நாங்கள் அவளை வளர்க்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தோம். ஊரைவிட்டுப் போனவர்களும் ஊரை விடாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வீடியோவில், திருவிழா நேரலையில், ட்ரோனில் எடுத்த கடலில். நானும் அடுத்த வருசம் படிக்கவென்று போகப்போகிறவள்தான். பார்ப்பது குற்றமில்லை. ஆனால் பார்ப்பதால் ஒரு எருக்கலையும் பிடுங்குப்படாது.

இப்போது கூரைக்குச் சிலாகை அடித்தாயிற்று. அம்மம்மாவின் கட்டளைப்படி வைரம் பாய்ந்த பனை, அதைக் கறையான் தொடாது என்பது அவவின் நம்பிக்கை. வளவின் கோடியில், வேலிக்கரைப் பனையடியில் இன்னொரு சின்னப் புற்று கிளம்பியிருக்கிறது. அதுக்குக் கிட்ட மருந்து கொண்டுபோக வேண்டாம் என்று மேசனிடம் சொல்லிவிட்டா. "அது தன்ர பாட்டில தோட்டம் செய்யட்டும். வீட்டுக்குள்ள வந்தாப் பாப்பம்."

தம்பி இந்த மழைக்குத் திரும்பவும் ராணி பிடிக்கிறதாகச் சொல்லியிருக்கிறான். கிழமைக்கு ஒருக்கால்தான் திறந்து பார்ப்பானாம். சப்பாத்துப் பெட்டி மூடியில் நாள் குறித்து ஒட்டியும் வைத்திருக்கிறான்.

இன்றைக்கு விடிய அம்மம்மாவுக்கு முழங்கால் உளைவு. ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நான் போனேன். கால்வாசி கூட்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு அவ சொன்னா: "மூலையெல்லாம் விட்டிட்டாய் பிள்ளை."